பொம்மை சர்க்கஸும் ஒரு திரைப்படத்தின் ஆண்டும்

பொம்மையைச் சிறிது நகர்த்தி ஒரு சட்டகம் பதிவுசெய்து, மீண்டும் நகர்த்தி அடுத்ததைப் பதிவுசெய்யும் ஸ்டாப் மோஷன் முறையின் வரலாற்றை அமெரிக்க வைட்டாகிராஃப் நிறுவனத்தின் ‘தி ஹம்ப்டி டம்ப்டி சர்க்கஸ்’ படத்திலிருந்து தொடங்குவோர் பலர். அதன் ஆண்டு 1898 எனக் குறிக்கப்படுவது வழக்கம். படச்சுருளோ கிடைக்கவில்லை. எஞ்சியுள்ள முதன்மைச் சான்று, நிறுவனர்களுள் ஒருவரான ஆல்பர்ட் இ. ஸ்மித் 1952இல் வெளியிட்ட தன்வரலாறு. தம் சிறு மகளின் மர சர்க்கஸ் பொம்மைகள் மூட்டுகள் அசையக்கூடியவை ஆதலின், அவற்றை வேண்டிய நிலைகளில் நிறுத்திப் படமெடுத்ததாக அதில் அவர் கூறுகிறார்.

இங்குப் பொம்மையே சான்றாகின்றது. பிலடெல்ஃபியாவின் ஷோன்ஹட் நிறுவனம் இதே பெயரில், மூட்டுகள் அசையும் மர சர்க்கஸ் பொம்மைகளை விற்கத் தொடங்கியது 1903இல்தான். ஸ்மித் பிறந்தது 1875இல். 1898இல் அவருக்கு வயது இருபத்து மூன்று. பொம்மை வைத்து விளையாடும் பருவத்தில் அவருக்கு மகள் இருந்திருத்தல் அரிது. பெயரொற்றுமை மட்டுமே எனில் ஐயத்திற்கு இடமுண்டு. பெயர், பொருள், மூட்டமைப்பு ஆகிய மூன்றும் ஒத்துவருவதைத் தற்செயல் எனத் தள்ளுதல் கடினம்.

இங்கிலாந்தில் ஆர்தர் மெல்போர்ன்-கூப்பர் 1908இல் எடுத்த ‘ட்ரீம்ஸ் ஆஃப் டாய்லேண்ட்’ இன்றும் காணக்கிடைக்கிறது. அதன் பொம்மைத் தெருவில் நிழல்கள் ஓயாது இடம்பெயர்கின்றன: வெயிலில் வைத்துப் படமாக்கியபோது, சட்டகத்திற்கும் சட்டகத்திற்கும் இடையே கதிரவன் நகர்ந்ததன் தடம் அது.