விளக்கில் மோதாத பறவைகள்: தென்மேற்கு அயர்லாந்தின் கடல்முனைகளில் வலசை ஆய்வின் வளர்ச்சி

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, அட்லாண்டிக்கில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தென்மேற்கு அயர்லாந்தைக் கடக்கின்றன. அப்போது அங்குள்ள கடல்முனைகளை ஒட்டி ஷியர்வாட்டர், பெட்ரல், ஸ்குவா, கேனட் எனக் கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் பறந்து போகின்றன. இந்த ஓட்டம் எத்தனை பெரியது, எத்தனை ஒழுங்கானது என்பது அறிவியலுக்குத் தெளிவானதோ 1960களில்தான். அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே அயர்லாந்தின் கரை நெடுகிலும் பறவைக் குறிப்புகள் எழுதப்பட்டு வந்தன. எழுதியவர்கள் கண்மூடி இருந்தவர்களும் அல்லர். பின் ஏன் இவ்வளவு தாமதம்? ஒவ்வொரு காலத்து ஆய்வுமுறையும் தனக்கு வசப்படும் பறவையையே கண்டது என்பதுதான் இக்கட்டுரை தரும் விடை.

1880இல் பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றக் கழகம் வலசை ஆய்வுக்கென ஒரு குழுவை அமைத்தது. ஜான் கோர்டோ, ஜே. ஏ. ஹார்வி-பிரவுன் ஆகியோர் அதன் முன்னோடிகள். கலங்கரை விளக்கக் காவலர்களுக்கு அச்சிட்ட படிவங்களை அனுப்பி, எந்த இரவில், எந்தக் காற்றில், எந்தப் பறவை விளக்கருகே வந்தது என்று நிரப்பி வாங்கினார்கள். அயர்லாந்தில் இந்தப் பணியை ஏற்றவர் விக்லோ மாவட்டத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் மேன்லிஃப் பேரிங்டன். 1887இல் கழகம் திட்டத்தை முடித்துக்கொண்ட பிறகும் அவர் விடவில்லை. தன் கைப்பணத்தைச் செலவிட்டு மேலும் பத்தாண்டு நடத்தினார். பறவையின் பெயரைக் காவலர் தவறாக எழுதிவிடலாம் என்பதால், விளக்கில் மோதி இறந்த பறவையின் ஒரு சிறகையும் ஒரு காலையும் தபாலில் அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். கடலுக்கு நடுவே பாறைமேல் வாழ்ந்த மனிதர்கள், படகு வரும் நாள் பார்த்து, சிறகுகளை உறையிலிட்டு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். 1881 முதல் 1897 வரை திரண்ட தரவுகள் 1900இல் ஒரு பெருநூலாக வெளிவந்தன. பொதுமக்கள் பங்கேற்கும் அறிவியல் என்று இன்று புதிதுபோலப் பேசப்படுவதற்கு இதைவிடக் கண்டிப்பான முன்மாதிரி கிடைப்பது அரிது.

ஆனால் விளக்கொளிக்கு ஒரு சாய்வு உண்டு. நிலவில்லாத, மூடுபனியும் தூறலும் கலந்த இரவில் வழிதவறும் சிறு நிலப்பறவைகளைத்தான் அது பெரும்பாலும் ஈர்க்கும். பாட்டுப்பறவைகளும் மைனா குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங்குகளும் கூட்டமாக வந்து மோதும். புயல் பெட்ரல் போன்ற சில கடற்பறவைகளும் அதில் அகப்பட்டன. பகலில் அலைமட்டத்தை ஒட்டி, ஒன்றிரண்டு கிலோமீட்டர் தொலைவில், இறகசைக்காமல் சறுக்கிப் போகும் ஷியர்வாட்டரோ விளக்கை நாடி வந்து தன் சிறகை யாருக்கும் எளிதில் கொடுப்பதில்லை. கையில் உடல் இல்லாமல் கண்ணால் கண்டதை மட்டும் சான்றாக ஏற்கும் வழக்கமும் அன்று வேரூன்றவில்லை. பறவையியலாளர் வில்லியம் ஈகிள் கிளார்க் 1901இல் ஆங்கிலக் கால்வாயின் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தில் ஒரு மாதம் தங்கியபோதும், அவர் முதன்மையாகக் காத்திருந்தது இரவில் விளக்கைச் சூழும் நிலப்பறவைகளுக்காகத்தான்.

கடலோடிகளின் அறிவு வேறு பாதையில் நின்றது. நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களுக்குப் பெரிய ஷியர்வாட்டர் அன்றாடப் பறவை. அதைத் தூண்டிலிட்டுப் பிடித்து, காட் மீனுக்கு இரையாக்கினார்கள். அந்தப் பறவை ஐரோப்பியக் கரைகளின் ஏடுகளில் அபூர்வ விருந்தாளியாக எழுதப்பட்டதற்குக் காரணம் பறவை அல்ல, ஏடு எழுதியவர் நின்ற இடம்.

இடைப்பட்ட காலத்தில் நடந்த முக்கியமான மாற்றம் வேல்ஸ் கரையின் ஸ்காக்கோம் தீவில் தொடங்கியது. ரொனால்ட் லாக்லி 1933இல் அங்கே பிரிட்டனின் முதல் பறவை ஆய்வகத்தை நிறுவினார். வளைக்குள் முட்டையிடும் மாங்க்ஸ் ஷியர்வாட்டரின் வாழ்க்கையை ஆண்டுக்கணக்கில் அவர் தொடர்ந்து கவனித்தார். 1952இல் அத்தீவிலிருந்து கொண்டுபோய் அமெரிக்காவின் பாஸ்டனில் விடப்பட்ட ஒரு பறவை, ஏறத்தாழ 4,900 கிலோமீட்டரைக் கடந்து, பன்னிரண்டரை நாளில் தன் வளைக்குத் திரும்பியது. அதை விட்ட செய்தியைச் சொல்லும் கடிதம் அதற்குப் பிறகே வந்து சேர்ந்தது. கரையோரம் தென்படும் கடற்பறவை புயலில் சிக்கிய அநாதை என்ற பழைய எண்ணத்துக்கு இந்தச் சோதனை இடம்கொடுக்கவில்லை. தான் எங்கே இருக்கிறோம் என்பது அதற்குத் தெரிந்திருந்தது.

அயர்லாந்தில் பறவையியலாளர் ராபர்ட் ரட்லெஜ் முன்னின்று 1950இல் கிரேட் சால்டீ தீவில் ஆய்வகம் அமைத்தார். அங்கும் பொறி வைத்துச் சிறு பறவைகளைப் பிடித்து வளையமிடுவதே மையமான வேலை. ஒன்பது ஆண்டு கழித்து, கார்க் மாவட்டத்தின் தென்கோடியில், ஐரிஷ் மொழி பேசும் கேப் கிளியர் தீவில் இன்னொரு ஆய்வகம் எழுந்தது. அதைத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் பிரிட்டனிலிருந்து வந்த இளைஞர்கள். தீவின் தெற்கே பிளனனாரகான் என்ற பாறை மூக்கு கடலுக்குள் நீள்கிறது. மேற்கே ஃபாஸ்ட்நெட் பாறையின் கலங்கரை விளக்கம் தெரியும். பலத்த காற்று வீசும் நாளில் பறவை பிடிக்கும் மெல்வலையை விரிக்க முடியாது; அந்த நாள்தான் கடலைப் பார்க்கச் சிறந்த நாள். அந்த மூக்கில் நனைந்தபடி உட்கார்ந்து, மணிக்கணக்கு வைத்து, கிழக்கே போனது எத்தனை, மேற்கே போனது எத்தனை என்று எண்ணினார்கள். எண்ணிக்கையோடு காற்றின் திசையையும் பார்வைத் தொலைவையும் எழுதினார்கள். பெரிய ஷியர்வாட்டரும் கரிய ஷியர்வாட்டரும் அபூர்வங்கள் அல்ல, இலையுதிர்கால வழிப்போக்கர்கள் என்பது இப்படித்தான் நிலைபெற்றது. டிம் ஷாராக் பதிப்பித்து 1973இல் வந்த கேப் கிளியரின் இயற்கை வரலாற்று நூல் இந்தப் பணியைத் தொகுத்தது. என் கணிப்பில், அந்த இளைஞர்களின் பெரிய பங்களிப்பு அரிய பறவைகளின் பட்டியல் அல்ல. பறவை வராத மணிநேரத்தையும் ஏட்டில் ஏற்றியதுதான்.

பறவைகள் ஏன் முனையை ஒட்டி வருகின்றன? பெரிய ஷியர்வாட்டர் தெற்கு அட்லாண்டிக்கின் டிரிஸ்டன் ட குன்ஹா தீவுக்கூட்டத்திலும் காஃப் தீவிலும் இனப்பெருக்கம் செய்வது. நம் வசந்த மாதங்களில் வடக்கே ஏறி, கனடாக் கரையில் இரை தின்று, அதில் ஒரு பகுதி கிழக்கு அட்லாண்டிக்குக்குப் பரவி, பின் தெற்கே திரும்புகிறது. கடலின் நடுவே போகும் இப்பறவையைத் தென்மேற்குக் காற்றும் மழையும் கரைப்பக்கம் ஒதுக்குகின்றன. வெளியேற வழி தேடி அது முனையைச் சுற்றிப் போகிறது. கிளேர் மாவட்டத்தின் பிரிட்ஜஸ் ஆஃப் ராஸில் கணக்கு வேறு. அங்கே மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ காற்று அடிக்க வேண்டும். வளைகுடாவின் மூலைக்குள் தள்ளப்பட்ட பறவைகள், காற்றை எதிர்த்து மேற்கே மீளும்போது, பார்ப்பவரின் காலடிக்கே வந்துவிடும். கனடா, கிரீன்லாந்து ஆர்க்டிக்கில் பிறந்து தென்னாப்பிரிக்கக் கடலுக்குப் போகும் சாபின் கடற்காகத்தை ஐரோப்பாவில் காண அந்த இடம் பெயர்பெற்றது அதனால்தான்.

இதிலேயே முனை ஆய்வின் சிக்கலும் இருக்கிறது. விளக்கு மூடுபனியை அளந்ததுபோல, முனை காற்றை அளக்கிறது. ஓராண்டு ஷியர்வாட்டர் குறைந்தால் இனம் குறைந்ததா, காற்று மாறியதா என்று எண்ணிக்கை மட்டும் சொல்லாது. 2000க்குப் பிறகு, சில கிராம் மட்டுமே எடையுள்ள, ஒளியளவைப் பதிந்து இருப்பிடத்தைக் கணிக்க உதவும் கருவிகள் பறவையின் காலில் ஏறின. 2009இல் வெளியான ஆய்வு வேல்ஸின் மாங்க்ஸ் ஷியர்வாட்டர்கள் அர்ஜென்டினாக் கடல் வரை போவதை வழித்தடத்தோடு காட்டியது. 2010இல் வந்த ஆய்வின்படி, கிரீன்லாந்தின் ஆர்க்டிக் ஆலா ஆண்டுக்குச் சராசரியாக 70,900 கிலோமீட்டர் பறக்கிறது. வழித்தடங்களின் பெரும்பகுதி எந்த முனையிலிருந்தும் காணமுடியாத நடுக்கடலில் ஓடியது.

கருவிக்கும் சாய்வு உண்டு. கூட்டில் அமர்ந்த பறவையைப் பிடித்துக் கட்டி, மறு ஆண்டு அதே கூட்டில் பிடித்துக் கழற்ற வேண்டும். ஆகவே அது பெரும்பாலும் இனப்பெருக்கம் செய்யும் முதிர்ந்த பறவைகளின் கதையையே சொல்கிறது. பல ஆண்டுகள் கூடு கட்டாமல் கடலில் திரியும் இளம்பறவைகள் விடுபடுகின்றன. முனையில் நிற்பவரோ இறகின் நிறத்தை வைத்து வயதைப் பிரித்துவிடுவார். சாபின் கடற்காகத்தில் முதிர்ந்தவை ஆகஸ்டிலேயே வந்துவிட, செதில்போன்ற பழுப்பு முதுகுள்ள குஞ்சுகள் செப்டம்பர், அக்டோபரில் வருகின்றன. காற்று குறைந்த ஆண்டில் இரு வயதினரும் குறைவாகத் தெரியலாம். ஆர்க்டிக்கில் குஞ்சு பொரிப்பது பொய்த்த ஆண்டிலோ முதிர்ந்தவற்றோடு ஒப்பிட்ட குஞ்சுகளின் விகிதம் சரியும். மொத்த எண்ணிக்கையைக் காற்று எவ்வளவு குழப்பினாலும் அந்த விகிதத்தை அந்த அளவுக்குக் குழப்புவதில்லை. பிளனனாரகானின் பழைய ஏடுகளில் வயதுக் குறிப்புகள் இருக்குமானால், இன்று திரும்பப் படிக்க வேண்டிய இடம் அவைதான்.