மகளுக்கு வந்த பள்ளி

நான் படித்த பெண்கள் விடுதிப் பள்ளியின் தாளாளர் 1994இல் இறந்துபோனார். அப்போது நான் பதினோராம் வகுப்பு. பதினாறாம் நாள் பிரார்த்தனைக் கூடத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. சுவரில் ஏற்கெனவே பள்ளியைத் தொடங்கியவரின் படம் இருந்தது. அதன் பக்கத்தில் அவருடைய மகனான எங்கள் தாளாளரின் படத்தை மாட்டினார்கள். கூட்டத்தின் முடிவில், வெளியூரில் வேலையில் இருந்த பேரன் இனிமேல் தாளாளராக இருப்பார் என்று அறிவித்தார்கள். எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். அந்த நேரத்தில் கூடத்தின் பின்வாசலில் நின்று, வந்தவர்களுக்குக் காபி போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார் தாளாளரின் மகள்.

அவரை நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். கல்யாணமாகிப் போய் இரண்டே வருடத்தில் திரும்பி வந்தவர். அதன் பிறகு பதினெட்டு ஆண்டுகள் விடுதியை நடத்தியது அவர்தான். அரிசி மூட்டைக் கணக்கு, கிணற்று மோட்டார், யாருக்குக் காய்ச்சல், யார் முதன்முதலாகத் தீட்டுத்துணி கேட்கக் கூச்சப்பட்டு நிற்கிறாள், யாருடைய அப்பா இரண்டு தவணை கட்டவில்லை, எல்லாம் அவருக்குத் தெரியும். புதிய தாளாளருக்கு விடுதியின் சமையலறை எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. ஆனாலும் அவருக்கு நாற்காலி வந்தது ஊரில் யாருக்கும் வியப்பாக இல்லை.

1989இல் தமிழ்நாட்டில் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டத் திருத்தம் வந்தது. அதற்கு முன்பே மணமாகிப் போன பெண்களை அந்தத் திருத்தம் சேர்த்துக்கொள்ளவில்லை. சேர்த்திருந்தாலும் அக்காவுக்குப் பயன் இருந்திருக்காது. பள்ளிக்கூடம் பூர்வீகச் சொத்து அல்ல, அறக்கட்டளை. அதன் பொறுப்புகள் பத்திரத்தின்படியும் குழுவின் முடிவின்படியும் கைமாறுகின்றன. குழுவில் இருந்தவர்கள் யார் என்று பார்த்தால் சித்தப்பா, மாமா, அத்தான். வீட்டில் சட்டம் நுழைந்த பிறகும் அறக்கட்டளையில் நுழையாத ஓர் இடம் இருந்தது. அந்த இடத்தில்தான் குடும்பம் உட்கார்ந்திருந்தது.

பிற்பாடு பெண்கல்வி வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது என்னிடம் ஒரு கேள்வி இருந்தது. ஒரு விடுதிப் பள்ளி மகளுக்குப் போனால் என்ன நடக்கும்? அந்தக் கேள்விதான் என்னைப் பண்டித ரமாபாயிடமும் அவருடைய மகள் மனோரமாவிடமும் கொண்டு சேர்த்தது.

ரமாபாய் 1858இல் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் பிறந்தவர். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, பெண்களுக்கு விலக்கப்பட்டிருந்த சமஸ்கிருதத்தைத் தன் மனைவி லட்சுமிபாய்க்குக் கற்றுக்கொடுத்தார். லட்சுமிபாய் அதைத் தன் மகளுக்குக் கொடுத்தார். பகலெல்லாம் வீட்டு வேலை இருந்ததால், விடிவதற்கு முன்பே சிறுமியை எழுப்பிப் பாடம் சொல்லிக்கொடுத்தார். தாய்வழியாக மகளுக்கு நிலம் வருவதே அரிதான காலத்தில், ரமாபாய்க்குத் தாய்வழியாகப் படிப்பு வந்தது. அவருக்குக் கிடைத்த ஒரே சீதனம் அதுதான். 1870களின் பஞ்சத்தில் பெற்றோர் இறந்தார்கள், அக்காவும் இறந்தார். 1880இல் அண்ணன் போனார். அதே ஆண்டு, சாதி மறுத்து வங்காளியான பிபின் பிகாரி மேதாவியை மணந்தார். 1881இல் மனோரமா பிறந்தாள். 1882இல் கணவரும் காலராவில் இறந்தார். இருபத்து மூன்று வயதில், உறவென்று சொல்ல ரமாபாய்க்கு மிஞ்சியது கைக்குழந்தை மட்டுமே.

1883இல் குழந்தையோடு இங்கிலாந்துக்குப் போனார். வான்டேஜ் என்ற ஊரில் ஆங்கிலிக்கன் கன்னியர் மடத்தில் தங்கினார், இருவரும் கிறித்தவரானார்கள். ரமாபாய் செல்ட்டன்ஹாம் மகளிர் கல்லூரிக்குப் போனபோது மனோரமா கன்னியரின் பராமரிப்பில் வளர்ந்தாள். அங்கே தொடங்கியது ஒரு நீண்ட சண்டை. குழந்தைக்கு எந்தச் சமயக் கோட்பாட்டை எப்போது கற்பிப்பது, யார் கற்பிப்பது என்று ரமாபாய்க்கும் அவருடைய ஞானத்தாய்போல் இருந்த சிஸ்டர் ஜெரால்டினுக்கும் கடிதங்கள் பறந்தன. மகள் விஷயத்தில் முடிவெடுக்கும் உரிமை தாய்க்கே என்பதில் ரமாபாய் அசையவில்லை. நம் நாட்டில் குழந்தை தந்தையின் குலத்துக்குச் சொந்தம். அங்கே திருச்சபை சொந்தம் கொண்டாடியது. இரண்டுக்கும் நடுவில் நின்று, இவள் என் மகள் என்று சொன்ன ஒரு கைம்பெண்ணின் துணிச்சலைக் குறைத்து மதிப்பிட முடியாது.

பிறகு அமெரிக்கா. உயர்சாதி இந்துப் பெண்களின் நிலை பற்றி 1887இல் அவர் வெளியிட்ட நூல் அங்கே பரபரப்பாக விற்றது. பாஸ்டனில் ரமாபாய் சங்கம் உருவாகி, பத்து ஆண்டுகளுக்குப் பணம் தர ஒப்புக்கொண்டது. 1889 மார்ச் 11 அன்று பம்பாயில் சாரதா சதன் திறக்கப்பட்டது. கைம்பெண்கள் தங்கிப் படிக்கும் பள்ளி. மறு ஆண்டே புனேக்கு மாறியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பள்ளி ரமாபாயுடையது என்று ஊர் சொன்னது. ஆனால் பணம் பாஸ்டனில் இருந்தது. ஆலோசனைக் குழுவில் ரானடே, பண்டார்க்கர் போன்ற சீர்திருத்தவாதிகள் இருந்தார்கள். சதனில் மதமாற்றம் நடக்கிறது என்று திலகரின் கேசரி கடுமையாக எழுதியது. 1893இல் ஆலோசகர்கள் விலகினார்கள். பல குடும்பங்கள் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டன. மாணவிகள் ரமாபாயின் பிரார்த்தனையில் கலந்துகொண்டார்கள் என்பது உண்மைதான். சமயச் சார்பற்ற பள்ளி என்ற வாக்குறுதி மீறப்பட்டதா என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனால் ரமாபாய் அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் வேறு. குழு வரும், போகும். பத்து ஆண்டில் பணமும் நின்றுவிடும். ஆகவே புனேக்கு அப்பால் கேட்காவில் நிலம் வாங்கிப் பழமரங்கள் வைத்தார், விளைச்சல் பள்ளியைத் தாங்கட்டும் என்று. 1896, 97 பஞ்சத்தில் மத்திய மாகாணங்களிலிருந்து சுமார் முந்நூறு பேரை அழைத்துவந்து அந்த நிலத்தில்தான் குடியேற்றினார். அதுவே முக்தி சதன் ஆயிற்று. 1900ஆம் ஆண்டு குஜராத் பஞ்சத்துக்குப் பிறகு அங்கே ஏறத்தாழ 2,000 பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். உயர்சாதிக் கைம்பெண்களுக்காகத் தொடங்கியது, உழைக்கும் சாதிப் பெண்களின் ஊராக மாறிவிட்டது. நெசவு, எண்ணெய் ஆட்டுதல், அச்சகம், மாட்டுப்பண்ணை என்று எல்லாவற்றையும் பெண்களே செய்தார்கள்.

இவ்வளவு பெரிய ஊரை அடுத்து யார் நடத்துவது? ரமாபாயின் பதில் வெகு முன்பே தயாராக இருந்தது: மனோரமா. மகளின் படிப்பு முழுவதும் அந்தப் பதிலுக்காகவே திட்டமிடப்பட்டதுபோல் இருக்கிறது. இங்கிலாந்து, புனே, பிறகு 1890களின் இறுதியில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஒரு பள்ளி. 1900ஐ ஒட்டி மனோரமா திரும்பியபோது வயது பத்தொன்பது. பஞ்சத்தின் உச்சம் அது. கல்லூரி தள்ளிப்போயிற்று. தாயின் வலது கையாக வேலையில் இறங்கினார். பம்பாய்ப் பல்கலைக்கழகப் பட்டத்தைப் பல ஆண்டுகள் கழித்து, வேலைக்கு நடுவே வாங்கினார். சாரதா சதனின் முதல்வராக இருந்தார். நிஜாம் ஆட்சியில் இருந்த குல்பர்காவில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய பணியில் முன்னின்றார். மணம் செய்துகொள்ளவில்லை.

முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. இதோ, நாற்காலி மகளுக்கு வந்திருக்கிறது. அண்ணனும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. லட்சுமிபாயிடமிருந்து ரமாபாய், ரமாபாயிடமிருந்து மனோரமா என்று மூன்று தலைமுறைப் பெண்கள் கைமாற்றிக்கொண்ட படிப்பு. ஆண்வழி வாரிசுக்கு இதைவிடச் சிறந்த மறுப்பு உண்டா?

மறுபடி படித்தபோது வேறு ஒன்று கண்ணில் பட்டது. லட்சுமிபாய் மகளுக்குக் கொடுத்தது கல்வியை. அதை வைத்து ரமாபாய் எங்கே வேண்டுமானாலும் போக முடிந்தது. போனார். சாதியைவிட்டு, மதத்தைவிட்டு, நாட்டைவிட்டுக்கூடப் போனார். ரமாபாய் மகளுக்குக் கொடுத்ததோ நிறுவனத்தை. நிறுவனம் தன்னைப் பெற்றவரை எங்கேயும் போகவிடாது. திருச்சபையிடமிருந்து பிடிவாதமாக மீட்ட அதே மகளைத் தாய் இரண்டாயிரம் பேரின் பொறுப்பில் கட்டிவைத்தார். சதி என்று இதைச் சொல்ல மாட்டேன். சொத்தில்லாத, சொந்தமில்லாத, கணவன் பெயரும் காப்பாற்றாத ஒரு பெண்ணுக்கு, முதுகில் குத்தாது என்று நம்பத்தக்க ஒரே உறவு மகள்தான். ஆலோசகர்கள் கைவிட்டதைப் பார்த்தவர் அவர். ஆனால் காரணம் புரிவதால் சுமை குறைந்துவிடாது.

மனோரமா 1921 ஜூலையில் இறந்தார், நாற்பது வயதில். ஒன்பது மாதம் கழித்து, 1922 ஏப்ரல் 5 அன்று ரமாபாயும் போனார். பொறுப்பு லிசா ஹேஸ்டி என்ற மிஷனரிப் பெண்ணிடம் சென்றது. பஞ்சத்தில் வந்து அங்கேயே வளர்ந்து, தறியும் அச்சும் ஓட்டிய ஆயிரக்கணக்கான பெண்களில் ஒருவரிடம் செல்லவில்லை. ரத்த வாரிசை மட்டும் நம்பிக் கட்டிய இடத்தில் அவள் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு இது சான்று. முக்தி அழியவில்லை, இன்றும் இருக்கிறது. ஆனால் அங்கே ஆளான பெண்கள் தலைமைக்கு உரியவர்கள் என்ற எண்ணம் அந்தத் தருணத்தில் எழவில்லை.

இத்தனைக்கும் சாரதா சதனின் மாணவிகள் சும்மா இருந்தவர்கள் அல்ல. அங்கே சேர்ந்த முதல் கைம்பெண் கோதுபாய் ஜோஷி. 1893 மார்ச் 11 அன்று, சதன் திறந்த அதே தேதியில், அவர் தோண்டோ கேசவ் கார்வேயை மறுமணம் செய்துகொண்டார். கார்வே 1896இல் தொடங்கி, பின்னர் புனே அருகே ஹிங்கணேயில் வளர்த்த கைம்பெண்கள் இல்லத்தை நாம் பாடநூலில் படித்திருக்கிறோம். 1916இல் தோன்றிய மகளிர் பல்கலைக்கழகத்தையும் படித்திருக்கிறோம். ஆனால் கைம்பெண் இல்லத்தின் தொடக்க ஆண்டுகளில் கோதுபாயைத் தள்ளியே வைத்திருந்தார்கள். மறுமணம் செய்தவர் உள்ளே வந்தால், இங்கே மறுமணத்துக்குத்தான் பெண்களைத் தயார் செய்கிறார்கள் என்று வைதீகர்கள் சொல்வார்களாம். உள்ளே வந்து வேலை செய்தது, தலை மழித்த கைம்பெண்ணாக இருந்த அவருடைய தங்கை பார்வதிபாய் அதவலே. அவர் ஊர் ஊராக, பிறகு அமெரிக்காவரைக்கும் போய் இல்லத்துக்காகப் பணம் திரட்டினார். கோதுபாய் தன் மனக்குறையைப் பிற்காலத்தில் மராத்தியில் எழுதிய தன்வரலாற்றில் மறைக்காமல் சொன்னார். விடுதிப் பள்ளியில் படித்து, அதே போன்ற இன்னொன்றின் நிறுவனருக்கு மனைவியாகி, அதன் வாசலில் நின்றவர். குடும்பம் என்பது உள்ளே விடும் கதவு மட்டுமல்ல, வெளியே நிறுத்தும் கதவும்தான்.

ஆக, மகனுக்குப் போனால் அநீதி, மகளுக்குப் போனால் நீதி என்ற என் பழைய கணக்கு நிற்கவில்லை. ஒரு பள்ளி யாரிடம் போகிறது என்பதோடு, அந்த முடிவை எடுத்த அறையில் யார் இருந்தார்கள் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. தன்னை வளர்த்த மாணவிகள் இருந்தார்களா? சமையலறையை நடத்தியவர் இருந்தாரா? வாரிசு என்று சுட்டப்பட்டவரிடமாவது விருப்பம் கேட்டார்களா?

சென்ற ஆண்டு அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். எழுபதை நெருங்குகிறார். பள்ளிக்குப் பின்தெருவில் ஒரு வாடகை வீடு. பள்ளியில் இப்போது நான்காவது தலைமுறை. பழைய மாணவிகள் யாராவது வந்தால் அவர் வீட்டில்தான் சாப்பாடு. ரமாபாயின் கதையை, மனோரமாவின் கதையைச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். முடித்துவிட்டு, "அன்னைக்கு உங்களுக்குத்தான்க்கா அந்த நாற்காலி வந்திருக்கணும்" என்றேன்.

"வந்திருந்தா நடத்தியிருப்பேன். அது ஒண்ணும் பெரிய வித்தையில்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா யாரும் என்கிட்ட கேக்கல, பாத்துக்கோ. தம்பிக்குக் கொடுக்கும்போதும் கேக்கல. அதுக்கு முன்னால, விடுதியப் பாத்துக்கன்னு அப்பா சொன்னப்பவும் கேக்கல. எனக்கு அப்ப டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிட்டு மதுரையில ஒரு வேலைக்குப் போகணும்னு இருந்துச்சு. கேட்டிருந்தா வேண்டாம்னுகூடச் சொல்லியிருப்பேன்" என்றார்.

ஆய்ந்த கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போனார். பின்தெருவரைக்கும் கேட்டது பள்ளியின் மாலை மணி.