பான் நகரப் பதிவேடு

எங்க பக்கம் ஏப்ரல் 14 கூட்டங்களில் யாராவது ஒருத்தர் பாபாசாகேப் வாங்கிய பட்டங்களை வரிசையாகச் சொல்லுவார். கொலம்பியா, லண்டன், கடைசியாக 'ஜெர்மனியிலும் பட்டம்'. கைதட்டல் விழும். நானே ஒருமுறை மைக் பிடித்து அப்படிச் சொல்லியிருக்கிறேன். அது உண்மையில்லை.

லண்டனில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்த அம்பேத்கர், 1921 பிப்ரவரியில் பெர்லினில் இருந்த பிரஷ்யக் கல்வி அமைச்சகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பான் பல்கலைக்கழகத்தில் சேர அனுமதி கேட்கும் கடிதம். ஜெர்மன் மொழியில், தன் கைப்பட எழுதியது. மாவ், சதாரா, பம்பாய் என்று அவர் வளர்ந்த எந்தத் தெருவிலும் புழங்காத மொழி. 1913இல் நியூயார்க் போனபிறகு கொலம்பியாவில் மற்றப் பாடங்களோடு சேர்த்துக் கற்றுக்கொண்டது, அவ்வளவுதான். அந்த ஜெர்மனை வைத்துக்கொண்டு ஓர் அரசாங்கத்துக்கே விண்ணப்பம் போட்டிருக்கிறார். 1922 ஏப்ரல் 29இல் பானில் பெயர் பதிவானது. 1923 ஜனவரியில் நீக்கிவிட்டார்கள். விரிவுரைகளுக்கு வரவில்லை என்பது காரணம். லண்டன் ஆய்வேடும் பாரிஸ்டர் படிப்பும் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்த சமயம் அது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பம்பாய் எல்பின்ஸ்டன் பள்ளியில் அவர் படிக்க ஆசைப்பட்டது சம்ஸ்கிருதம். தீண்டப்படாத பிள்ளைக்குச் சொல்லித்தர முடியாது என்றார் வாத்தியார். பாரசீகம் எடுத்தார். பான் பல்கலைக்கழகமோ ஹெர்மன் யாகோபி என்ற வெள்ளைக்காரர் பல காலம் சம்ஸ்கிருதம் கற்பித்த இடம். நம்ம ஊர்ல பூட்டிவைத்த மொழி அங்கே கேட்பவர்க்கெல்லாம் திறந்து கிடந்தது. பின்னாளில் சம்ஸ்கிருதத்தைச் சொந்த முயற்சியில்தான் படித்தார்.

கல்லூரி முதல் வருஷம் எனக்கு எல்லாப் பாடமும் இங்கிலீஷில். கேள்வி கேட்டால் எழுந்து சும்மா நிற்பேன். என் அறைத்தோழன் மூன்றாம் மாசமே டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறிட்டான். திரும்பவே இல்லை. 'ஜெர்மனியில் பட்டம்' என்ற கதை அவனுக்கும் தெரியும். பெயர் நீக்கிய கதை எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது.

போன வருஷம் கூட்டத்தில் அதைச் சொன்னேன். பெரியவர் ஒருத்தருக்குக் கோபம். "அதையெல்லாம் மேடையில எதுக்குப்பா சொல்றே, அவனுங்க சிரிக்கவா?"

"சிரிச்சா சிரிக்கட்டும் பெரியப்பா" என்றேன். முன்வரிசையில் பிளஸ் டூ பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.