கோக்கோ துறைமுகமும் எங்கள் வீட்டு டிரம்மும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

நான் 1982 முதல் 1990 வரை நைஜீரியாவில் வேதியியல் ஆசிரியராக இருந்தது உங்களில் பலருக்குத் தெரியும். எண்ணெய் வருமானம் கொழித்த காலத்தில் அந்த நாடு ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்தது. பாடம் நடத்த ஆள் போதவில்லை. தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் போனோம். எனக்குக் கிடைத்த இடம் வார்ரி என்ற நகரம். அப்போது அது பெண்டல் மாநிலத்தில் இருந்தது. 1991-க்குப் பிறகு டெல்டா மாநிலம். அங்கே சாப்பிட்ட யாம் கிழங்கைப் பற்றியும், பையன்கள் 'சார்' என்று கூப்பிடும் ராகத்தைப் பற்றியும் பலமுறை சொல்லியிருக்கிறேன். இன்று நான் சொல்லாமல் விட்டிருந்த ஒன்றை எழுதுகிறேன். அது குப்பையைப் பற்றியது.

நைஜீரியாவில் குப்பை விஷயத்தில் அரசாங்கம் சும்மா இருந்தது என்று நினைக்காதீர்கள். 1984-ல் புகாரியின் ராணுவ அரசு 'ஒழுங்கின்மைக்கு எதிரான போர்' என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. அதன் ஒரு பகுதியாக மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை துப்புரவு நாள் ஆனது. காலை 7 மணி முதல் 10 மணி வரை யாரும் தெருவில் நடமாடக் கூடாது. வீட்டைச் சுற்றிப் பெருக்க வேண்டும், சாக்கடை அள்ள வேண்டும். மீறினால் அபராதம். நானும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசல் சாக்கடையை அள்ளியிருக்கிறேன். பாபாங்கிடா ஆட்சிக்கு வந்த பிறகும் இது தொடர்ந்தது.

அள்ளிய குப்பை எங்கே போனது? பெரும்பாலும் தெரு முனைக்கு. அங்கிருந்து ஊருக்கு வெளியே ஒரு பள்ளத்துக்கு, அல்லது ஆற்றங்கரைச் சதுப்புக்கு. மழை வந்தால் பாதி திரும்பவும் வாசலுக்கு வந்துவிடும். அது சொந்தக் குப்பை, கண்ணுக்குத் தெரிந்த குப்பை. அதே நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு குப்பை துறைமுகம் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

வார்ரிக்கு வடமேற்கே, பெனின் ஆற்றின் கரையில் கோக்கோ என்று ஒரு சிறிய துறைமுக ஊர் இருக்கிறது. வரலாறு உள்ள ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த ஆற்றுப் பகுதியின் பனையெண்ணெய் வணிகத்தை நானா ஒலோமு என்ற இட்செகிரித் தலைவர் கையில் வைத்திருந்தார். 1894-ல் ஆங்கிலேயர்கள் அவருடைய எப்ரோஹிமி நகரைத் தாக்கி அழித்தார்கள், அவரை நாடு கடத்தினார்கள். 1906-ல் திரும்ப அனுமதி கிடைத்ததும் அவர் வந்து குடியேறிய இடம்தான் கோக்கோ. அவர் கட்டிய மாளிகை இன்றும் இருக்கிறது. ஐரோப்பாவின் சோப்புக்கும் இயந்திரங்களுக்கும் எண்ணெய் அனுப்பிய ஆறு அது. அதே ஆற்றில், 1987-ன் பிற்பகுதியிலிருந்து 1988 மே வரை, இத்தாலியிலிருந்து கப்பல்கள் டிரம் டிரம்மாக ஏதோ கொண்டுவந்து இறக்கின.

மொத்தம் ஏறக்குறைய 3,800 டன். காகிதத்தில் கட்டுமானப் பொருள், தொழிற்சாலை ரசாயனம் என்ற மாதிரிப் பெயர்கள். உண்மையில் அவை ஐரோப்பியத் தொழிற்சாலைகளின் நச்சுக் கழிவுகள். அவற்றில் பிசிபி எனப்படும் பாலிகுளோரினேட்டட் பைபினைலும் இருந்தது. மின்மாற்றி எண்ணெயில் ஒரு காலத்தில் பயன்பட்ட பொருள் அது. எளிதில் சிதையாது, கொழுப்பில் தங்கிவிடும், மீன் வழியாக மனிதனுக்கு வரும். ஊர்க்காரர் ஒருவரின் வெறும் மனையை மாதம் சுமார் 100 டாலர் வாடகைக்குப் பேசி, அங்கே திறந்த வெளியில் அடுக்கி வைத்துவிட்டார்கள்.

100 டாலருக்கா என்று கேட்பீர்கள். அன்றைய நிலைமையைப் பார்க்க வேண்டும். எண்ணெய் விலை விழுந்து நாடு கடனில் இருந்தது. 1985-ல் ஒரு டாலருக்கு ஒரு நைரா கூடக் கொடுக்க வேண்டியதில்லை. 1987-ல் நான்கு நைரா கொடுக்க வேண்டியிருந்தது. நான் ஊருக்கு அனுப்பிய பணம் இரண்டே வருடத்தில் கால்வாசியானது அப்படித்தான். அந்த நேரத்தில் மாதாமாதம் டாலர் கணக்கில் வாடகை என்றால் சாதாரணக் குடும்பத்துக்குப் பெரிய காசு.

மறுபக்கத்துக் கணக்கு இன்னும் எளிது. எழுபதுகளுக்குப் பிறகு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சுற்றுச்சூழல் சட்டங்கள் கடுமையாயின. ஒரு டன் நச்சுக் கழிவை முறையாக எரிக்கவோ புதைக்கவோ நூற்றுக்கணக்கான டாலர் ஆகும், சில வகைகளுக்கு ஆயிரத்துக்கு மேலும் ஆகும். மேற்கு ஆப்பிரிக்காவில் சில பத்து டாலரில் முடிந்துவிடும். சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஒரு நாடு நல்ல எண்ணத்தில் போட்ட சட்டமே, அழுக்கை இன்னொரு நாட்டுக்குத் தள்ளும் வியாபாரத்துக்கு வழி திறந்தது.

கோக்கோ மட்டுமல்ல. அதே 1988-ல் கினியாவின் காசா தீவில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துக் குப்பை எரித்த சாம்பல் சுமார் 15,000 டன் கொட்டப்பட்டது. செங்கல் செய்யும் மூலப்பொருள் என்று காகிதத்தில் எழுதியிருந்தது. தீவில் மரங்கள் கருகிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. கினி-பிசாவுக்குப் பல ஆண்டுகளுக்குக் கழிவை வாங்கிப் புதைக்க 600 மில்லியன் டாலர் தருவதாக ஒப்பந்தம் வந்தது. அந்த ஏழை நாட்டின் ஆண்டு வருமானத்தைவிடப் பல மடங்கு பெரிய தொகை அது. கடைசியில் எதிர்ப்பு வந்து கைவிட்டார்கள். 1988 மே மாதம் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு அடிஸ் அபாபாவில் கூடி, இப்படிக் கழிவு கொட்டுவது ஆப்பிரிக்காவுக்கும் ஆப்பிரிக்க மக்களுக்கும் எதிரான குற்றம் என்று தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானம் போட்ட நாளில் கோக்கோவில் டிரம்கள் வெயிலில் வீங்கிக் கொண்டிருந்தன. அரசாங்கத்துக்கு அது தெரியாது.

யார் கண்டுபிடித்தது? சுங்கத்துறையா, துறைமுக அதிகாரியா, உளவுத்துறையா? யாரும் இல்லை. இத்தாலியில் படித்துக்கொண்டிருந்த நைஜீரிய மாணவர்கள். அந்த ஊர்ப் பத்திரிகையில் கழிவுக் கப்பல் பற்றி வந்த செய்தியைப் படித்தார்கள். அதில் தங்கள் நாட்டின் பெயரும் இருப்பதைப் பார்த்தார்கள். நைஜீரியப் பத்திரிகைகளுக்கு எழுதினார்கள். 1988 ஜூன் தொடக்கத்தில் செய்தி வெளியானது.

பிறகு நாடே கொந்தளித்தது. பாபாங்கிடா அரசு இத்தாலியிலிருந்து தூதரைத் திரும்ப அழைத்தது. லாகோஸில் நின்றிருந்த, இந்த விஷயத்தோடு சம்பந்தமே இல்லாத ஓர் இத்தாலியக் கப்பலைப் பிடித்து வைத்தது. இத்தாலி இறங்கி வந்தது. கரின் பி, டீப்சீ கேரியர் என்ற இரண்டு கப்பல்களில் கழிவை ஏற்றினார்கள். ஏற்றும் வேலை செய்த தொழிலாளர்கள் பலர் தோல் வெந்தும் வாந்தி எடுத்தும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கரின் பி கப்பலை ஸ்பெயின், பிரான்ஸ், பிரிட்டன், மேற்கு ஜெர்மனி என ஒரு நாடும் உள்ளே விடவில்லை. சொந்த விஷத்தை ஐரோப்பாவே தொடப் பயந்தது. கடைசியில் இத்தாலிதான் ஏற்க வேண்டியதாயிற்று.

இனி எங்கள் வீட்டு விஷயம்.

வார்ரியில் கோடையில் குழாய்த் தண்ணீர் வராது. 1988 தொடக்கத்தில் சந்தையில் ஒரு பழைய இரும்பு டிரம் வாங்கினேன். பெயிண்ட் சுரண்டி இருந்தது. உள்ளே லேசாக ஒரு வாசனை. சோப்புப் போட்டு நாலு தரம் கழுவிவிட்டுத் தண்ணீர் பிடித்தோம். பாத்திரம் தேய்க்க, குளிக்க, சில நாள் குடிக்கவும். வேதியியல் எம்.எஸ்சி. படித்தவன் நான். கரிமக் கரைப்பான்களைப் பற்றி வாரம் மூன்று பீரியட் பாடம் எடுத்தவன். இந்த டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜூனில் செய்தி வந்தது. கோக்கோவில் சிலர் டிரம்மைக் கவிழ்த்துக் காலி செய்து தண்ணீர் பிடிக்க எடுத்துக்கொண்டார்கள் என்றும் பேச்சு வந்தது. என் வகுப்பில் அந்தப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். எழுந்து கேட்டான்: "சார், டிரம்மில் என்ன இருக்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?" எங்கள் ஆய்வகத்தில் இருந்ததெல்லாம் லிட்மஸ் தாளும் சில அமிலங்களும்தான். வழி இல்லை, மேலே எழுதியிருப்பதைத்தான் நம்ப வேண்டும் என்றேன். "எழுதியிருப்பது பொய்யாக இருந்தால்?" என்றான். நான் கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

அன்று மாலை நானும் என் மனைவியும் அந்த டிரம்மைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். எங்கள் மகளுக்கு அப்போது நாலு வயது. டிரம் கோக்கோவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பதில்லை. வார்ரியில் எண்ணெய்க் கம்பெனி டிரம்கள் ஏராளம். ஆனால் எங்கிருந்து வந்தது என்று சொல்ல யாருமில்லை. இரவெல்லாம் தூங்கவில்லை. காலையில் தெருவில் போன ஒரு பையனைக் கூப்பிட்டு, இரண்டு நைரா கொடுத்து, இதைக் கொண்டு போய்விடு என்றேன். எங்கே கொண்டு போவான் என்று கேட்கவில்லை. கண்ணை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது.

அந்த இத்தாலியக் கம்பெனி செய்ததும் அதுதானே? அவர்கள் பல்லாயிரம் டிரம் செய்தார்கள், நான் ஒரு டிரம் செய்தேன். காசு கொடுத்தேன், கேள்வி கேட்கவில்லை. யாரோ ஒரு வீட்டில் அதில் மறுபடி தண்ணீர் பிடித்திருப்பார்கள். என் மகள் நன்றாகத்தான் இருக்கிறாள். அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி எனக்குத் தெரியாது. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் இதை உங்களிடம் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

கோக்கோவால் நல்லதும் நடந்தது. அதே 1988-ல் நைஜீரியா நச்சுக் கழிவு கொண்டுவந்தால் ஆயுள் தண்டனை என்று சட்டம் போட்டது. ஆண்டு முடிவதற்குள் தேசியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை உருவானது. 1989 மார்ச்சில் உலக நாடுகள் பாசல் ஒப்பந்தத்தை ஏற்றன. பெறும் நாட்டுக்கு முன்கூட்டி எழுத்தில் தெரிவித்து, சம்மதம் வாங்காமல் நச்சுக் கழிவை அனுப்பக் கூடாது என்பது அதன் சாரம். அது போதாது என்று ஆப்பிரிக்க நாடுகள் 1991 ஜனவரியில் மாலியின் தலைநகரான பமாகோவில் கூடி, நச்சுக் கழிவு இறக்குமதியையே தடை செய்யும் தனி ஒப்பந்தம் செய்துகொண்டன.

ஆனாலும் 2006 ஆகஸ்ட்டில் புரோபோ கோலா என்ற கப்பல் ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகருக்கு வந்தது. ஆம்ஸ்டர்டாமில் அதன் கழிவை இறக்க அதிக விலை கேட்டதால் வேறு இடம் தேடி வந்த கப்பல். உள்ளூர்க் கம்பெனி ஒன்று குறைந்த விலைக்கு ஒப்புக்கொண்டு, இரவோடு இரவாக லாரிகளில் நகரத்தின் பல இடங்களில் கொட்டியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மூச்சுத் திணறலும் தலைவலியுமாக மருத்துவம் தேடி வந்தார்கள். குறைந்தது 15 பேர் இறந்ததாக அந்நாட்டு அதிகாரிகள் சொன்னார்கள். கப்பலை அமர்த்தியிருந்த டிராஃபிகுரா நிறுவனம், பொறுப்பை ஏற்காமலே, 2007-ல் அரசுக்குப் பெரும் தொகை கொடுத்து உடன்பாடு செய்துகொண்டது. 2010-ல் நெதர்லாந்து நீதிமன்றம் அதற்கு 10 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. ஒப்பந்தங்கள் எல்லாம் இருந்தும் நடந்தது இது.

இப்போது டிரம் வருவது குறைவு. பழைய டிவியும் கணினியும் ஃப்ரிட்ஜும் வருகின்றன. காகிதத்தில் 'பயன்படுத்திய பொருட்கள்'. 2015, 2016-ல் ஐ.நா. பல்கலைக்கழகமும் இபாதானில் உள்ள பாசல் ஒப்பந்த மையமும் லாகோஸ் துறைமுகங்களில் ஆய்வு செய்தன. ஆண்டுக்கு ஏறக்குறைய 60,000 டன் பழைய மின்சாதனங்கள் வந்தன. பெரும்பகுதி பழைய கார்களுக்குள் அடைத்து வந்தவை. ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வேலையே செய்யாதவை. அவற்றில் செம்புக்காகக் கம்பியை எரிக்கும் புகையைச் சுவாசிப்பது பெரும்பாலும் இளம் பையன்கள். எங்கள் தெருவில் டிரம்மைத் தலையில் தூக்கிக்கொண்டு போனவனின் வயதுதான் இருக்கும்.

உங்களில் பலர் இன்று துறைமுகத்திலும் சுங்கத்திலும் கம்பெனிகளிலும் பெரிய பொறுப்பில் இருக்கிறீர்கள். காகிதத்தில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறீர்கள். அன்று அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "எழுதியிருப்பது பொய்யாக இருந்தால்?" இப்போது சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: திறந்து பார். எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேள். கோக்கோவைக் காப்பாற்றியவர்கள் பெரிய பதவியில் இருந்தவர்கள் அல்ல. வெளிநாட்டில் உட்கார்ந்து பத்திரிகை படித்து, தபால் தலை ஒட்டிக் கடிதம் போட்ட மாணவர்கள். ஓர் ஆசிரியனுக்கு இதைவிடப் பெருமையான வரலாற்றுச் செய்தி இல்லை.

அடுத்த முறை பழைய போனையோ பேட்டரியையோ யாரிடமாவது கொடுக்கும்போது, இதை என்ன செய்வீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள். நான் கேட்காமல் விட்டது அந்த ஒரு வார்த்தைதான்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி சார்