பலர்மோவில் எஞ்சிய எழுத்துகள்

மத்தியதரைக் கடலில் உலவும் உல்லாசக் கப்பல்கள் சிசிலித் தீவின் தலைநகரான பலர்மோவில் காலையில் கரையணைந்து மாலையில் புறப்பட்டுவிடுகின்றன. கிடைத்த சில மணி நேரத்தில் பயணிகள் தேவாலயங்களையும் கடைத்தெருவையும் கண்டு திரும்புவர். நம்மவர் எவரேனும் அக்கரையில் இறங்க நேர்ந்தால், துறைமுகத்தை அடுத்துள்ள கல்சா என்னும் பகுதியில் சற்றே நிற்குமாறு வேண்டுகிறோம். 'அல் காலிஸா' என்னும் அரபுப் பெயரின் தேய்ந்த வடிவமே அது. பாத்திமிய ஆட்சியில், ஏறத்தாழ 937இல், ஆளுநருக்கென மதில் சூழ எழுந்த நகரம் அது. அரண்மனை நோக்கிச் செல்லும் பழம்பெரும் வீதியை மக்கள் இன்றும் 'கஸ்ஸாரோ' என்கின்றனர். 'அல் கஸ்ர்' அன்றி அது வேறென்ன!

முஸ்லிம்கள் 831இல் வென்ற இந்நகரை 1072இல் நார்மானியரிடம் இழந்தனர். இடையில், 973இல் இங்கு வந்த இப்னு ஹவ்கல் முந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் இருந்ததாக எழுதினார். (ஊராரின் வெங்காயப் பித்தைக் கடிந்துரைக்கவும் அவர் தவறவில்லை.)

நார்மானிய மன்னர் இரண்டாம் ரோஜர் 1130இல் முடிசூடினார். அவருக்காகச் செய்யப்பட்ட செம்பட்டு மேலாடை இப்போது வியன்னாவில் உள்ளது. அதன் விளிம்பில் கூபி எழுத்தில் ஹிஜ்ரி 528 என்னும் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. கிறித்தவ அரசரின் ஆடையில் ஹிஜ்ரி ஆண்டு! அவரது அரண்மனைச் சிற்றாலயத்தின் மரக்கூரையிலும் அரபு எழுத்துகளே அணிசெய்கின்றன. அவர் ஆதரவில்தான் அல் இத்ரீசி பதினைந்து ஆண்டுகள் உழைத்து, 70 பகுதிப் படங்கள் கொண்ட தம் புவியியல் நூலை 1154இல் முடித்தார்.

இவற்றைக் காட்டிச் சமயப் பொறைக்கு இணையற்ற சான்று பலர்மோ என்று புகழ்வோர் பலர். அது முழு உண்மையன்று என்பதே நம் கருத்து. அரசவை விரும்பியது அரபுக் கலையையும், கணக்கறிந்த அரபு அலுவலரையும். வயலில் உழுத முஸ்லிமுக்கு அவ்விருப்பம் அரணாகவில்லை. 1161ஆம் ஆண்டுக் கலகத்திலேயே பலர்மோ முஸ்லிம்கள் வெட்டுண்டனர்.

அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர் ஹஜ்ஜை நிறைவேற்றித் திரும்புகையில், 1184 டிசம்பரில், மெஸ்ஸினா அருகே அவர் வந்த கப்பல் சேதமுற்றது. அங்கிருந்து பலர்மோவுக்கு வந்தார். பாங்கொலி கேட்டார், காஜியையும் கண்டார். ஆனால் குத்பா தடுக்கப்பட்டிருந்ததால் ஜும்ஆ இல்லை. பெருநாளன்று மட்டுமே குத்பா ஓதினர். அப்போதைய மன்னர் இரண்டாம் வில்லியமோ அரபு எழுதப் படிக்கத் தெரிந்தவர்!

கப்பலுக்காகத் திராபானியில் காத்திருந்தபோது அவர் அறிந்த செய்தி நெஞ்சை உருக்குவது. அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் தம் மகனை ஹாஜிகளுள் ஒருவரிடம் அனுப்பினார். பருவமெய்தும் வயதிலிருந்த தம் மகளை அவரே மணந்துகொள்ள வேண்டும். இயலாவிடில் தம் ஊரார் ஒருவருக்கு மணமுடித்து வைக்க வேண்டும். எப்படியும் இத்தீவைவிட்டு அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே வேண்டுகோள். தந்தையையும் உடன்பிறந்தாரையும் பிரிய அப்பெண்ணும் இசைந்தாள். மகளைப் பெற்ற நம் இல்லத்தார் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும். முன்பின் அறியாதவர் கையில் மகளை ஒப்படைத்துக் கடல் கடத்துவதே காவல் என ஒரு தந்தை முடிவு செய்கிறார். பொன்னெழுத்து மேலாடை நெய்யப்பட்டு அப்போது ஐம்பது ஆண்டுகளே கடந்திருந்தன.

அவர் அச்சம் வீண் போகவில்லை. 1189இல் வில்லியம் இறந்ததும் பலர்மோ முஸ்லிம்கள் தாக்கப்பட்டு மலைகளுக்கு ஓடினர். பின்னர் 1220களிலிருந்து பேரரசர் இரண்டாம் பிரடெரிக் அவர்களை இத்தாலியப் பெருநிலத்து லூசெராவுக்குப் பெயர்த்தார். அவரும் அரபுக் கல்வியைப் போற்றியவரே. 1300இல் லூசெராவும் அழிக்கப்பட்டது. அங்கிருந்தோர் அடிமைகளாக விற்கப்பட்டனர்.

இப்னு ஜுபைர் திராபானியிலிருந்து கப்பலேறிய 1185இல்தான், முன்பு ஜும்ஆப் பள்ளியாக விளங்கிய இடத்தில் பலர்மோ பேராலயத்தின் கட்டுமானம் தொடங்கியது. அதன் தெற்கு முகப்பில் இடப்புறத் தூணில் 'அல் அஃராஃப்' அத்தியாயத்தின் வசனமொன்று செதுக்கப்பட்டுள்ளது. நின்று தேடினால் தென்படும்.