ஜார்ஜ் முல்லரின் கணக்குப் புத்தகம்

சபைக்குப் போய் வளர்ந்தவர்கள் யாரும் இந்தக் கதையைக் கேட்காமல் தப்பியிருக்க முடியாது. இங்கிலாந்தில் ஒரு அநாதை இல்லம். காலை நேரம். மேஜையில் காலித் தட்டுகள், வரிசையாகப் பிள்ளைகள். பெரியவர் ஒருவர் கண்ணை மூடி, இன்னும் வராத சாப்பாட்டுக்காக நன்றி சொல்லி ஜெபிக்கிறார். கதவு தட்டப்படுகிறது. ராத்திரி தூக்கம் வராமல் எழுந்து உங்களுக்காக ரொட்டி சுட்டேன் என்று ஒரு ரொட்டிக்காரர் நிற்கிறார். அவர் போனதும் பால்காரர் வருகிறார். வண்டி உங்க வாசல்லயே உடைஞ்சு போச்சு, பாலை இறக்கிக்குங்க என்கிறார்.

அந்தப் பெரியவர் பிரிஸ்டல் நகரத்து ஜார்ஜ் முல்லர் (1805–1898). இந்தச் சம்பவம் அவருடைய நண்பர் ஒருவரின் மகள் தன் சிறுவயது நினைவாகப் பின்னாளில் சொன்னது. உண்மையாகவே நடந்திருக்கலாம். ஆனா நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். ஒரு சிஸ்டம் எப்படி ஓடியது என்று கேட்டால் முதலில் லாக் ஃபைலைத்தான் தேடுவேன். முல்லர் விஷயத்தில் அப்படி ஒரு லாக் நிஜமாகவே இருக்கிறது. 1837இல் தொடங்கிப் பல பாகங்களாக அவரே வெளியிட்ட நாட்குறிப்பு அது. தேதி, கையிருப்பு, என்ன தேவை, யார் எவ்வளவு கொண்டுவந்தார்கள் என்று பவுண்டு, ஷில்லிங், பென்னி வரைக்கும் போகிறது. பல பக்கங்கள் வாசிக்க அலுப்பாக இருக்கும். அந்த அலுப்பான பக்கங்களில்தான் எனக்கு விஷயம் கிடைத்தது.

முல்லர் பிறந்தது பிரஷ்யாவில். ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்தார். அங்கே ஃபிராங்கே என்கிற போதகர் நூறு வருஷத்துக்கு மேல் முன்பே ஒரு பெரிய அநாதை இல்லம் கட்டியிருந்தார். அதிலே ஏழை மாணவர்களுக்கு இலவசமாக ஒதுக்கிய அறையில் முல்லர் கொஞ்ச காலம் தங்கியிருந்தார். ஹாலே என்றதும் நமக்கு வேறொரு பெயர் ஞாபகம் வர வேண்டும். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு, ஃபிராங்கேயின் மாணவர். அவர் அச்சுக்கூடத்துக்குத் தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பியதும் அதே ஹாலேதான். ஒரே நிறுவனத்தின் ஒரு கிளை நம்ம கடற்கரைக்கும், இன்னொரு கிளை பிரிஸ்டலுக்கும் போயிருக்கிறது.

1829இல் இங்கிலாந்து வந்த முல்லர், அடுத்த வருஷம் டின்மத் என்ற கடலோர ஊரில் சிறு சபை ஒன்றுக்குப் போதகர் ஆனார். வருஷத்துக்கு 55 பவுண்டு சம்பளம். அந்தப் பணம் இருக்கை வாடகையிலிருந்து வந்தது. அதாவது, காசு உள்ளவருக்கு ஆலயத்தில் நல்ல இடம், இல்லாதவருக்குப் பின்னால். இது அவருக்குப் பிடிக்கவில்லை. 1830 முடிவதற்குள் சம்பளமே வேண்டாம் என்று விட்டார். ஆலயத்தில் ஒரு பெட்டி வைக்கப்பட்டது. விரும்பினவர் போடலாம். கூடவே ஒரு விதி: என் தேவையை இனி ஆண்டவரிடம் மட்டும் சொல்வேன், எந்த மனுஷரிடமும் சொல்ல மாட்டேன்.

அந்த நவம்பரில் வீட்டில் சுமார் எட்டு ஷில்லிங்தான் மிச்சம். காலையில் மனைவியோடு ஜெபித்துவிட்டுப் பக்கத்து ஊருக்குப் போகிறார். அங்கே ஒரு சகோதரி நேராகவே கேட்டுவிடுகிறார், பணம் ஏதும் வேணுமா என்று. முல்லர் தன் விதியைச் சொல்லி நழுவுகிறார். அந்த அம்மா விடவில்லை. உங்களுக்குக் கொடுக்கச் சொல்லி அவரே என்னிடம் சொல்லிவிட்டார் என்று இரண்டு கினி கொடுத்து அனுப்புகிறார்.

இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு சந்தேகமும் வந்தது. ஆண்டவரிடம் மட்டும்தான் சொல்வேன் என்று ஒருவரிடம் சொல்வது பாதி கேட்ட மாதிரிதானே? இன்றைக்கு நமக்கு வருகிற ஊழியக் கடிதங்களைப் பாருங்க. எங்களுக்காக ஜெபியுங்கள் என்று முடியும், கீழே வங்கிக் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி கோடும் இருக்கும். முல்லர் இதைவிடக் கொஞ்சம் நாகரிகமான வகைதானோ என்று நினைத்துக்கொண்டுதான் மேலே படித்தேன்.

அவர் ஏன் அநாதை இல்லம் தொடங்கினார் என்பதற்கு அவரே எழுதிய காரணம் எதிர்பாராதது. பிள்ளைகள் மேல் பரிவு உண்டு, ஆனா அது முதல் காரணம் இல்லை. சபையில் அவர் வீடு வீடாகப் போவார். ஒருவர் தினமும் 14, 16 மணி நேரம் வேலை செய்கிறார். உடம்பு கெட்டுப்போச்சு, மனசுக்குள் சந்தோஷம் இல்லை. வேலையைக் கொஞ்சம் குறைத்து ஜெபத்துக்கும் நேரம் ஒதுக்குங்களேன் என்றால், குறைச்சா வீடு எப்படி ஓடும் என்று பதில் வருகிறது. இன்னொரு பக்கம் வயதானவர்கள், முடியாமல் போனால் ஏழை விடுதியில்தான் கிடக்க வேண்டும் என்று பயப்படுகிறார்கள். இங்கிலாந்தில் 1834இல் வந்த புதிய ஏழைகள் சட்டம் அந்த விடுதிகளை வேண்டுமென்றே கடுமையாக்கியிருந்த காலம் அது. இவர்களுக்குப் பிரசங்கம் பண்ணிப் பிரயோசனம் இல்லை, கண்ணால் பார்க்கும்படி ஒன்று வேண்டும் என்று முல்லர் முடிவு செய்கிறார். கையில் காசில்லாத ஒருவன், யாரிடமும் கேட்காமல், ஜெபத்தை மட்டும் நம்பிப் பிள்ளைகளை வளர்த்துக் காட்டினால் அது சாட்சி. 1836இல் பிரிஸ்டல் வில்சன் தெருவில் 30 சிறுமிகளோடு முதல் வீடு திறந்தது. (14 மணி நேர வேலை, வீட்டுக் கடன் பயம். இந்த ஆள் இன்றைக்கு ஓஎம்ஆர் பக்கம் வந்தாலும் அதே பதிலைத்தான் கேட்டிருப்பார்.)

எல்லாமே சாட்சி என்றால், உள்ளே இருக்கும் பிள்ளைகள் என்ன, பரிசோதனைப் பொருளா? எனக்கு இந்தக் கேள்வி உறுத்தியது. அதற்கு நாட்குறிப்பில் 1838 செப்டம்பர் 10 வருகிறது. அப்போது மூன்று வீடுகள். சனிக்கிழமையும் ஞாயிறும் பணம் எதுவும் வரவில்லை. அதுவரை கையிருப்பு நிலவரம் முல்லருக்கும் நெருங்கிய ஊழியர் ஒருவருக்கும் மட்டும்தான் தெரியும். முதல்முறையாக எல்லா ஊழியர்களையும் கூட்டி உள்ளதைச் சொல்ல முடிவு செய்கிறார். கையில் காசு இருக்கிற அளவுக்குத்தான் சாமான் வாங்க வேண்டும், கடன் கூடாது. அதே நேரம் பிள்ளைகளின் சாப்பாட்டிலும் துணியிலும் எந்தக் குறையும் இருக்கக் கூடாது. அவர்கள் வாடுவதைவிட இல்லத்தை மூடி அவர்களை அனுப்பிவிடுவதே மேல் என்று அவர் எழுதியிருக்கிறார். விற்று வரச்சொல்லி அன்பர்கள் கொடுத்த பொருள் ஏதும் மிச்சம் இருக்கா, இங்கே தேவையில்லாமல் கிடப்பது எது என்றும் தேடச் சொல்கிறார். பிறகு எல்லோரும் ஜெபிக்கிறார்கள்.

அந்த நாட்களில் ஊழியர்கள் தங்கள் சொந்தக் காசை எடுத்து வைக்கிறார்கள். அதில் ஒருவர் சொன்ன காரணத்தில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். தன்னிடம் இருப்பதைக் கொடுக்காமல் ஜெபிப்பது நேர்மை ஆகாது என்பது அவர் கருத்து. முல்லருடைய புத்தகம் முழுக்க முல்லர்தான் பேசுகிறார். ஆனா ஜெபம் பற்றி அதிலே உள்ள மிகக் கறாரான வாக்கியம் ஒரு ஊழியருடையது. புத்தகத்தில் அவர் பெயர் இல்லை.

எட்டு நாள் கழித்து, செப்டம்பர் 18. மறுபடியும் அடித்தட்டு. லண்டன் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்து, மகள் கொடுத்தனுப்பிய 3 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸைத் தருகிறார். விசாரித்தால், அவர் ஊருக்கு வந்து நாலைந்து நாளாகிறது. தங்கியிருந்ததோ பையன்கள் இல்லத்துக்கு அடுத்த வீட்டில்! இல்லத்தில் பைசாவை எண்ணி ஜெபித்துக்கொண்டிருந்த நாட்களில் பணம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறது. பணம் இவ்வளவு பக்கத்தில் காத்திருந்ததே, உதவ வேண்டும் என்று கர்த்தர் முதலிலேயே நினைத்திருந்தார் என்பதற்கு அடையாளம் என்று முல்லர் சந்தோஷப்படுகிறார். பிள்ளைகள் கேட்பதில் அவருக்குப் பிரியம், அதனால்தான் தாமதம் என்கிறார். நான் அவ்வளவு சீக்கிரம் சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன். அந்த நாலு நாளில் சமையலறையில் நின்றவர்களை நினைத்துக் கோபம்தான் வந்திருக்கும். ஆனா அவர் அந்த நாலு நாளை மறைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பணம் வந்த அன்று நடந்ததை மட்டும் எழுதியிருந்தால் அழகான அற்புதக் கதை ஆகியிருக்கும்.

கேட்பதும் கேட்காததும் பற்றிய என் சந்தேகத்துக்கு வருகிறேன். முல்லர் வருடாந்திர அறிக்கை வெளியிடுவார், பொதுக்கூட்டம் நடத்துவார். கொடுத்தவர் பெயர் போடமாட்டார், ரசீது தருவார். நன்கொடை வாங்கியவன் கணக்குக் கொடுக்கணும் என்பது அவர் நியாயம். ஆனா அற்புதமான ஜெப அனுபவங்கள் நிறைந்த அந்த அறிக்கைகளைப் படித்துவிட்டுத்தான் உலகமெங்கும் இருந்து பணம் வந்தது. அறிக்கை ஒரு வேண்டுகோளாகவும் வேலை செய்தது என்பதை மறுக்க வழியில்லை. இது அவருக்கும் தெரிந்திருக்கிறது. 1841 டிசம்பரில் கூட்டமும் அறிக்கையும் வெளிவர வேண்டிய நேரத்தில் நிதி வறண்டு கிடந்தது. வேறு யாராக இருந்தாலும் நல்ல சமயம் என்று அறிக்கையை அச்சுக்கு அனுப்பியிருப்பார்கள். முல்லர் தள்ளிவைத்தார், சில மாதங்களுக்கு. இப்போது வெளியிட்டால் கேட்பது போல ஆகும் என்பதுதான் காரணம். அந்தக் குளிர்காலத்தையும் அப்படியே கடந்தார்கள். கேட்காமல் இருக்கிறேன் என்ற விதியை எல்லா ஓட்டையும் அடைத்துக் கடைப்பிடிக்க முடியாது, தனக்குத் தெரிந்த ஓட்டையை அவர் அடைத்தார். இதை எழுதுகிறபோது என் மரியாதை கூடித்தான் இருக்கிறது.

1849இல் ஊருக்கு வெளியே ஆஷ்லி டவுன் குன்றில் 300 பிள்ளைகளுக்கான கட்டடம் எழுந்தது. 1870க்குள் அங்கே ஐந்து கட்டடங்கள், 2050 பேருக்கு இடம். இந்தப் பெரிய காலத்திலிருந்து ஒரே ஒரு சம்பவம் போதும். புரொடக்‌ஷன் சர்வரை நிறுத்தாமல் பழுது பார்த்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது புரியும்.

1857 நவம்பர் கடைசியில் முதல் கட்டடத்தின் பாய்லரில் கசிவு. அதைச் சுற்றிச் செங்கல் கட்டியிருப்பதால் ஓட்டை எங்கே என்றே தெரியாது. நெருப்பை அணைத்து, செங்கல்லை உடைத்துத்தான் பார்க்கணும். அதுவரை 300 குழந்தைகள் குளிரில். மாற்று வழி யோசிக்கிறார், ஒன்றும் சரிவரவில்லை. ஆட்களைப் பேசி, அடுத்த வாரம் புதன்கிழமை என்று நாள் குறிக்கிறார். நாள் குறித்த பிறகு வாடைக்காற்று அடிக்க ஆரம்பிக்கிறது, அந்தப் பருவத்தின் முதல் கடுங்குளிர். முல்லர் இரண்டு விஷயங்களுக்காக ஜெபிக்கிறார்: வாடை மாறித் தென்றல் வீச வேண்டும். வேலைக்காரர்களுக்கு, நெகேமியா காலத்தில் மதில் கட்டியவர்கள் போல, வேலையில் மனசு வர வேண்டும். செவ்வாய் சாயங்காலம் வரை வாடைதான். புதன் காலை தென்றல். நெருப்பே தேவைப்படாத அளவுக்கு இதமான நாள். இரவு எட்டரை மணி சுமாருக்கு நிறுவனத்தின் முதலாளி வந்து பார்க்கிறார், ஆட்கள் இன்றைக்கு நேரமாகும்வரை இருப்பார்கள், நாளை சீக்கிரம் வருவார்கள் என்கிறார். மேஸ்திரி குறுக்கிட்டு, ராத்திரி முழுக்கவே செய்து முடித்துவிடுகிறோம் என்கிறார். முப்பது மணி நேரத்துக்குள் பாய்லர் மறுபடி எரிகிறது.

காற்று மாறியதைப் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து இருக்கட்டும். எனக்குப் பிடித்தது இரண்டாவது வேண்டுதல். கூலிக்கு வந்த ஆட்களின் மனநிலையை ஜெபத்தில் சேர்த்த முதலாளி நான் பார்த்ததில்லை. நம்ம பக்கத்தில் சர்வர் விழுந்தால் முதலில் யார் தவறு என்றுதான் கூட்டம் போடுவார்கள்.

முல்லரின் மனைவி மேரி, ஆண்டனி நாரிஸ் குரோவ்ஸ் என்பவரின் தங்கை. எக்ஸெட்டரில் நல்ல வருமானம் தந்த பல் மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு பாக்தாத் போன இந்தக் குரோவ்ஸின் முன்மாதிரிதான் இளம் முல்லரை அசைத்தது. அதே குரோவ்ஸ் 1833இல் இந்தியா வந்தார். அவரோடு மொழிபெயர்ப்பாளராக உழைத்தவர் திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். 1840இல் அருளப்பன் தனியாக மதுரைச் சீமைக்குப் புறப்பட்டபோது, மாதம் இவ்வளவு என்று ஒரு தொகை தர குரோவ்ஸ் முன்வந்தார். அருளப்பன் மறுத்துவிட்டார். சம்பளம் வாங்கினால், கூலிக்குப் பிரசங்கம் பண்ணுகிறான் என்று ஜனங்கள் சொல்வார்கள் என்பது அவர் சொன்ன காரணம். முல்லர் சம்பளத்தை விட்டது ஆலயத்தின் முன்வரிசைப் பணக்காரரைப் பார்த்து. அருளப்பன் விட்டது தெருவில் நின்று பேசும் ஊர்க்காரரைப் பார்த்து. அவர் கிறிஸ்தியான்பேட்டை என்றொரு ஊரையே உருவாக்கினார். அவரைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதுகிற அளவுக்குக் குறிப்புகள் சேர்த்து வைத்திருக்கிறேன். இங்கே இழுத்தால் நீளும்.

முல்லர் 1898 மார்ச் 10ஆம் தேதி காலமானார். வாழ்நாளில் சுமார் 15 லட்சம் பவுண்டு அவர் கை வழியாகப் போயிருந்தது, 10,000 பிள்ளைகளுக்கு மேல் வளர்ந்திருந்தார்கள். அவருடைய சொந்தச் சொத்து என்று தேறியது, வீட்டுச் சாமான்கள் புத்தகங்கள் உட்பட, சுமார் 160 பவுண்டு. வருடாந்திர அறிக்கைகளில் பெயர் போடாத நன்கொடையாளர் ஒருவர் திரும்பத் திரும்ப வருவார். கிறிஸ்துவின் அன்பால் ஏவப்பட்டுப் பரலோகத்தில் பொக்கிஷம் சேர்க்கத் தேடும் ஊழியக்காரர் என்ற மாதிரி ஒரு அடையாளம் மட்டும் இருக்கும். அவர் மரணத்துக்குப் பிறகுதான் அந்த வரிகளையெல்லாம் கூட்டிப் பார்த்தார்கள். 81,490 பவுண்டு. தன் சொந்தச் செலவுக்கென்று மற்றவர்கள் கொடுத்ததிலிருந்து முல்லரே போட்ட பணம் அது.