பருத்திப் பெண்டின் விளக்கு

பாத்திரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற அனுப்பர்பாளையத்தைச் சுற்றிலும் இன்று பஞ்சும் நூலும் பனியனும்தான். ஆயினும் கொல்லையில் நாலு கோழி வளர்ப்போர் உண்டு. புதுக்கோழியைச் சில நாள் கொடாப்பிலேயே அடைத்து வைத்தால் இடம் பழகும். பிறகு இருட்டுமுன் தானே வந்து அடையும். இருளில் கோழிக்குக் கண் சரிவரத் தெரியாது. நேரம் தப்பினால் நின்ற இடத்திலேயே ஒடுங்கிவிடும். பூனைக்கு அது போதும்.

இந்த அச்சம் சங்கப் பாடல்களிலேயே உண்டு. குறுந்தொகை 139இல், மாலையில் வேலியோரம் வெருகு வர, புகலிடம் அறியாத தவிப்பில் குஞ்சுகளைக் கூவும் வீட்டுக்கோழியை ஒக்கூர் மாசாத்தியார் காட்டுகிறார். வெருகு என்பது காட்டுப்பூனை.

எனக்கு நெருக்கமானது தங்கால் பொற்கொல்லனாரின் புறநானூறு 326. இரவில் வெருகுக்கு அஞ்சி இளம்பேடை அலறுகிறது. பஞ்சின் தூசும் செத்தையும் புடைக்க எழுந்த பருத்திப் பெண்டின் சிறுவிளக்கொளியில், முருக்கம்பூப் போன்ற கொண்டையுடைய சேவல் தெரிகிறது, பேடை அடங்குகிறது.

மூதின்முல்லைத் துறை என்பதால் மறக்குடிப் பெருமையைச் சொல்லி இப்பாட்டைக் கடந்துவிடுவது எங்கள் வகுப்பறை வழக்கம். நானும் அப்படித்தான் நடத்திவந்தேன். அவள் கோழிக்காக எழவில்லை, வேலைக்காக எழுந்தாள் என்பது வெகுநாள் என் கண்ணில் படவில்லை. பாட்டில் கோழிக்கூடு பற்றிய பேச்சே கிடையாது. ஊர் உறங்கும் வேளையில் அவளுக்கு முடியாத வேலை இருந்தது. அதனால் விளக்கு எரிந்தது.

தாய் நூல்மில்லில் இரவு ஷிப்ட் பார்க்கும் மாணவி ஒருத்திதான் ஒருநாள் கேட்டாள்: "அந்தம்மா எப்பங்க சார் தூங்குவாங்க?"